தண்ணீரை மாற்றியதும் நின்ற நீலம்: பென்னாகரம் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சூரிய அச்சு

பின்னணி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. அங்கே இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 22 பேருக்கு வெயிலைக் கொண்டு படம் அச்சிடச் சொல்லிக்கொடுத்தபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வகுப்பாசிரியை, தலைமையாசிரியர், ஓவிய வகுப்புக்காக அந்தப் பள்ளிக்குப் போய்வரும் நான், மூவரும் இதில் பொறுப்பில் இருந்தோம். யாருடைய பெயரையும் பள்ளியின் பெயரையும் குறிப்பிடவில்லை.

ஒளியும் நிழலும் பற்றிய பாடத்தை டார்ச் விளக்கை வைத்து நடத்தியிருந்தார் ஆசிரியை. குழந்தைகள் சுவரில் நாய், மான் எல்லாம் காட்டி விளையாடினார்கள். ஆனால் நிழல் ஏன் விழுகிறது என்று கேட்டால் பாதிப் பேர், அந்தப் பொருளுக்குள்ளிருந்து நிழல் வெளியே வருவதாகச் சொன்னார்கள். நிழலைக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று அவர் கேட்டதில் தொடங்கியதுதான் இது. தை மாதக் கடைசி. பனி விலகி, பத்து மணிக்கெல்லாம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்த நாட்கள்.

செய்முறை

வெயிலில் அச்சிட நாங்கள் எடுத்துக்கொண்டது சயனோடைப் என்ற முறை. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ், கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து இதே முறையில் அச்சிட்டு ஒரு புத்தகத்தையே உருவாக்கத் தொடங்கினார். கட்டடப் பொறியாளர்கள் வைத்திருந்த பழைய நீல வரைபடத் தாள்களும் இந்த வழியில் வந்தவைதான். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைக்க வேண்டும். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லியில் கரைக்க வேண்டும். தேவைப்படும்போது இரண்டையும் சம அளவு கலந்து, தாளில் தூரிகையால் பூசி, வெளிச்சம் படாமல் உலர்த்தினால் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதன்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டினால், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றமடைந்து, தண்ணீரில் கரையாத நீலமாகிவிடும். இலை மறைத்த இடத்தில் உப்பு அப்படியே இருப்பதால் அலசும்போது கரைந்து ஓடிவிடும். அந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

தொடங்குமுன் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: கரைசலைக் குழந்தைகள் தொடக்கூடாது. முந்தின இரவே ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் தாள்களில் பூசி, பீரோவுக்குள் உலர்த்தி, கறுப்புக் கவரில் போட்டு எடுத்துப் போனேன். பூசுவதில் குழந்தைகளுக்கு ஆசை இருக்கும் என்பது தெரியும். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளையின் விரல் வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? இலையைத் தேடுவது, அடுக்குவது, காத்திருப்பது, அலசுவது, இந்த நான்கும் முழுக்க அவர்கள் கையில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, கண்ணாடி வேண்டாம். இலை அசையாமலிருக்கப் பொதுவாக ஒரு கண்ணாடியை மேலே வைப்பார்கள். நாங்கள் அதற்குப் பதிலாகப் பரீட்சை அட்டையையும், ஃபைலிலிருந்து வெட்டிய தெளிவான பிளாஸ்டிக் உறையையும், துணி மாட்டும் கிளிப்புகளையும் பயன்படுத்தினோம். இலைகளை ஓர் இரவு செய்தித்தாளில் வைத்து அழுத்தச் சொன்னோம். பச்சை இலை வெயிலில் வியர்த்தால் தாளில் கறை விழும்.

மூன்றாவது முடிவு ஆசிரியையுடையது. இன்றுவரை எனக்குப் பிடித்தது. அலசுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும், இலை இருந்த இடம் என்ன நிறமாக வரும் என்று ஒரு நிறப் பென்சிலால் நோட்டில் தீட்டிவைக்க வேண்டும் என்றார். பெரும்பாலானோர் பச்சை தீட்டினார்கள்.

பெற்றோர் ஒருவரின் கேள்வி

புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு தந்தை நேராகத் தலைமையாசிரியரிடம் வந்தார். "சார், இதுல சயனைடுன்னு போட்டிருக்குதே, புள்ளைங்க கைல குடுக்கலாங்களா?"

நியாயமான கேள்வி. தலைமையாசிரியர் அவரை உட்காரவைத்து, என்னையும் கூப்பிட்டார். இந்த உப்பில் சயனைடு இரும்போடு இறுகக் கட்டுண்டிருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் கரைத்தால் பிரிந்து வராது. வலுவான அமிலம் ஊற்றினாலோ, சூடுபடுத்தினாலோ ஆபத்தான வாயு வரலாம். அதனால் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் எதுவும் அந்தப் பக்கமே வராது, அடுப்பும் வராது. புட்டி பூட்டிய அலமாரியில் இருக்கும், குழந்தைகள் கைக்கு உலர்ந்த தாள்தான் போகும். இவ்வளவையும் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். அப்புறம் அன்று முழுக்க அங்கேயே இருந்து, தண்ணீர் தூக்கிக்கொடுத்து உதவினார். தாள் அலசிய தண்ணீரைப் பள்ளிக் காய்கறித் தோட்டத்தில் ஊற்ற வேண்டாம் என்று முடிவெடுக்க அவர் கேட்டதே காரணம்.

முதல் நாள்

புளியங்கொத்து, முருங்கை ஈர்க்கு, ஆவாரம்பூ, வேப்பிலை என்று பை நிறையக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் வீட்டில் அறுத்துவைத்திருந்த கேழ்வரகுக் கதிரைக் கொண்டுவந்திருந்தான். கதிர் தடிமனாக இருந்ததால் தாளோடு ஒட்டவில்லை. அதன் விளிம்பு மங்கலாக வந்தது. புளிய இலைதான் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிய, ஊசியால் கீறியதுபோல் விழுந்தது.

பதினோரு மணி வெயிலில் பத்து, பன்னிரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் கடினம். தூக்கிப் பார்க்காமல் இருக்கச் சொன்னால் எந்தக் குழந்தை இருக்கும்? அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் பூசிய தாளில் ஒரு சிறு துண்டைத் தனியாகக் கொடுத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்தோம். தூக்கிப் பார்க்க வேண்டுமானால் நாணயத்தைத் தூக்கலாம், இலையைத் தொடக்கூடாது. துண்டு முதலில் நீலம் பூத்து, பிறகு அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு வந்ததும் எல்லாரும் கத்தினார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைகளுக்கு இந்த நிற மாற்றமே கடிகாரமாக இருந்தது.

இத்தனைக்கும் ஒருவன் இலையைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தான். அவன் படத்தில் ஒரே வேப்பிலை இரட்டை விளிம்போடு வந்தது. இலை நகர்ந்தால் நிழலும் நகரும் என்று நாங்கள் சொல்லாமலே அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். ஆசிரியை அந்தப் படத்தை மாற்றச் சொல்லவில்லை.

நான்கு பிளாஸ்டிக் பேசின்களில் தண்ணீர் நிரப்பி அலசக் கொடுத்தோம். வெள்ளை இலை வெளியே வந்ததும் எழுந்த கூச்சல் பக்கத்து வகுப்பைக் கலைத்துவிட்டது. நோட்டில் பச்சை தீட்டியவர்கள் மறுபடி மறுபடி தாளையும் நோட்டையும் பார்த்தார்கள்.

"இலையோட சாறு போயி ஒட்டிக்கிச்சு, அதான் வெள்ளை" என்றாள் ஒரு சிறுமி. மூன்று நான்கு பேர் தலையாட்டினார்கள். நாங்கள் எதிர்பாராத விளக்கம் இது. இலைகளை மட்டும் வைத்து அச்சிட்டால் இப்படி நினைக்க முழு இடமுண்டு. உடனே மிச்சமிருந்த தாள்களில் சாவி, கோல அச்சுத் தட்டு, கொசுவலைத் துண்டு ஆகியவற்றை வைக்கச் சொன்னோம். சாவிக்குச் சாறு கிடையாது. சாவியும் வெள்ளையாக வந்ததும் அந்தச் சிறுமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மறைச்சா வெள்ளை, மறைக்கலைன்னா நீலம்" என்று தானே சொன்னாள். பாடத்தில் நாங்கள் எதிர்பார்த்தது எதுவும் அதில் விடுபடவில்லை.

நீலம் வெளுத்தது

பேசினைச் சுற்றி உட்கார்ந்த குழந்தைகள் தாளை எடுக்க மனமில்லாமல் அலசிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் விளையாட்டும் சேர்ந்துகொண்டது. சத்துணவு மணி அடித்து, சாப்பிட்டு வந்து பார்த்தால், பேசினிலேயே விட்டுப்போன தாள்களில் நீலம் பாதிக்குமேல் போயிருந்தது. சில தாள்களில் இலையும் பின்னணியும் ஒரே வெளிறிய நிறத்தில் கலந்திருந்தன.

"டீச்சர், என்னோடது வெளுத்துப் போச்சு" என்று இரண்டு பேர் அழுதார்கள். சீக்கிரம் எடுத்து உலர்த்தியவர்களுடையது நன்றாக இருந்ததால் அழுகை இன்னும் கூடியது. அடுத்த வாரம் எல்லாருக்கும் புதுத் தாள் உண்டு என்று ஆசிரியை உறுதி சொன்ன பிறகே அடங்கினார்கள்.

காரணத்தைத் தேடியது

மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. வெயில் போதாமல் இருந்திருக்கலாம். தாள் ஒத்துவராமல் இருந்திருக்கலாம். சில வகைத் தாளில் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும், அது நீலத்துக்கு ஆகாது. இல்லையென்றால் தண்ணீர். ஆனால் ஒரே தாளில், ஒரே வெயிலில் செய்த படங்களில் சீக்கிரம் எடுத்தவை பிழைத்திருந்தன. எனவே தண்ணீர் மேல்தான் சந்தேகம் பலமாக விழுந்தது.

இந்த நீலம் காரத்தைத் தாங்காது. காரம் என்றால் இங்கே மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை. காரத் தன்மையுள்ள தண்ணீரில் நின்றால் நீலம் உடைந்து, இரும்பு பழுப்பாகப் பிரிந்து, நிறம் வெளியேறிவிடும். பள்ளி வளாகத்துப் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும், சோப்பு நுரைக்காது. பக்கத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஆசிரியை வாங்கிவந்த சிவப்பு லிட்மஸ் தாளை அதில் நனைத்தபோது மெல்ல நீலமாகியது. அப்படி மாறினால் தண்ணீர் காரத் தன்மையுள்ளது என்று பொருள்.

காரணத்தை நாங்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்ய வேண்டாம், குழந்தைகள் முன்னால் சோதித்துப் பார்ப்போம் என்றார் ஆசிரியை. அழுத இரண்டு பேருக்கும் தங்கள் கைதான் படத்தைக் கெடுத்தது என்ற எண்ணம் இருந்தது. அது போக வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு.

நான்கு பேசின்

அடுத்த வாரம் ஒரு பெரிய தாளை முழுக்க வெயிலில் காட்டி, நான்கு துண்டாக வெட்டினோம். வெயிலும் தாளும் பூச்சும் நான்குக்கும் ஒன்றே. முதல் பேசினில் போர் தண்ணீர், இரண்டாவதில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் குழாய்த் தண்ணீர், மூன்றாவதில் கேன் தண்ணீர், நான்காவதில் போர் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழம் பிழிந்தது. எந்தப் பேசினில் நீலம் நிற்கும் என்று நினைக்கிறார்களோ அதன் முன்னால் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னோம். கேன் முன்னால்தான் குவிந்தது. காசு கொடுத்து வாங்கும் தண்ணீர், நல்லதாகத்தான் இருக்கும் என்றான் ஒருவன். எலுமிச்சைக்கு ஒரே ஒரு கொட்டை.

அரை மணி நேரம் ஊறவிட்டோம். போர் தண்ணீரில் இருந்த துண்டு வெளுத்தது. ஒகேனக்கல் தண்ணீரில் கொஞ்சம் இறங்கியிருந்தது. கேனிலும் எலுமிச்சையிலும் நீலம் அப்படியே இருந்தது. எலுமிச்சைக்குக் கொட்டை வைத்த சிறுவன் எழுந்து ஆடினான்.

அந்த நேரத்தில்தான், இந்தப் பதிவை எழுதியே ஆக வேண்டும் என்று என்னை நினைக்கவைத்த கேள்வி வந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்த போர் தண்ணி குடிச்சாதான் பல்லு கறையாவுதுன்னு எங்க ஆயா சொல்லும். அதுவும் இதுவும் ஒண்ணுதானா?" அதற்கு ஆசிரியை வாய் திறக்கும் முன்பே இன்னொரு குரல்: "அப்போ எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சா சரியாயிடுமா?"

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால் பற்களில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் கறை படியும். முற்றினால் எலும்பும் பாதிக்கும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த வகுப்பிலேயே பல்லில் கறையுள்ள குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் கையால் வாயை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பேச்சை மாற்றிவிடலாமா என்று ஆசிரியை ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். மாற்றவில்லை. எலுமிச்சை பற்றிய கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லாவிட்டால், குழந்தைகள் வீட்டுக்குப் போய் போர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்ப்பார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: "ஒரே போர்லதான் ரெண்டும் இருக்குது. ஆனா வேற வேற. நீலத்தைக் கெடுக்கிறது ஒண்ணு, பல்லைக் கெடுக்கிறது இன்னொண்ணு. எலுமிச்சை மொதலாவதைத்தான் அடக்கும். ரெண்டாவது தண்ணியில அப்படியே இருக்கும், கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போவாது. அதனால குடிக்கறதுக்கு ஒகேனக்கல் தண்ணிதான்." பல்லில் கறை வந்தது யாருடைய தப்பும் இல்லை, பல் தேய்க்காததால் வந்ததும் இல்லை என்று கூடுதலாகச் சொன்னார். வாயை மூடியிருந்த சிறுவன் கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்னர் நடந்தவை

அதே நாளில் எல்லாரும் மறுபடி அச்சிட்டார்கள். எலுமிச்சைத் தண்ணீரில் அலசி, மஞ்சள் போனதும் எடுத்துக் கொடியில் தொங்கவிட்டோம். ஒன்றும் வெளுக்கவில்லை. மறுநாள் நீலம் இன்னும் கறுத்திருந்தது. காற்று பட்டு ஒரு நாளில் நிறம் ஏறுவது இந்த முறையின் இயல்பு. முதல் வாரம் அழுத இருவரில் ஒருத்தி கொசுவலையின் கண்ணிகளுக்கு நடுவே ஒரு முருங்கை ஈர்க்கை வைத்திருந்தாள். அன்று வந்தவற்றில் அதுவே மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

ஆறு குழந்தைகளுக்குப் பழைய வேட்டித் துணியில் கைக்குட்டை அளவு அச்சிட்டுக் கொடுத்தோம். துணியில் மிக அழகாக வந்தது. ஆனால் ஒரு வீட்டில் அதைச் சலவை சோப்பு போட்டுத் துவைத்துவிட, நீலமெல்லாம் போய்த் துரு நிறம் வந்தது. சோப்பும் காரம்தான். குழந்தை அதை ஒளிக்காமல் வகுப்புக்குக் கொண்டுவந்து, "இதுவும் போர் தண்ணி மாதிரியேதான் பண்ணுது" என்று காட்டியது.

வகுப்புச் சுவரில் ஜன்னலுக்கு எதிரே ஒட்டிய படங்கள் சில வாரங்களில் மங்கின. அவற்றை எடுத்து இருட்டு அலமாரியில் வைத்தபோது நிறம் கொஞ்சம் திரும்பி வந்தது. வெளிச்சத்தில் வெளுத்த நீலம் இருட்டில் காற்றோடு சேர்ந்து மீள்வது இந்த நிறத்துக்கே உரிய குணம். மூன்றாம் வகுப்பார் அதற்காகவே தினமும் அலமாரியைத் திறக்கச் சொல்லி ஆசிரியையை நச்சரித்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு துண்டுகளையும் ஓர் அட்டையில் ஒட்டிவைத்தார் தலைமையாசிரியர். போர் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தும் வீடுகள் எவை என்ற பேச்சு அங்கே தானாக எழுந்தது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாட்களில் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்டார்கள். வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து மூடிவைப்பது, போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது என்ற அளவுக்குத்தான் அங்கே பதில் இருந்தது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும் என்ற கோரிக்கையை எழுதி ஊராட்சிக்குக் கொடுத்தார்கள். இந்தப் பதிவை எழுதும்வரை பதில் வரவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அலசும் தண்ணீரைத் தொடக்கத்திலேயே சோதித்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் மூன்று லிட்டர் பேசினுக்கு ஓர் எலுமிச்சம்பழம், அல்லது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு தேக்கரண்டி. அதைவிட வலுவான எதுவும் கூடாது. எந்தத் தண்ணீராக இருந்தாலும் மஞ்சள் போன உடனே தாளை எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் அலசி விளையாட, அச்சே இல்லாத இன்னொரு பேசினைப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

முதல் படமே சாவியாகவோ கோல அச்சாகவோ இருக்கட்டும், இலை அதற்கப்புறம் வரட்டும். இலைச் சாறு என்ற எண்ணம் வேர் பிடிக்காமல் இருக்க இது உதவும். 22 பேரை ஒன்றாக வெயிலில் நிறுத்துவதும் அதிகம். ஆறு ஆறு பேராகப் பிரித்தால் ஒவ்வொருவர் பேசுவதையும் கேட்க முடியும். அந்தச் சிறுமியின் சாறு விளக்கம் எங்கள் காதில் விழுந்தது தற்செயல்தான். துணி அச்சு கொடுத்தால், சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலச வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை செய்யும் நாளில் கிராம சுகாதார செவிலியரையும் வகுப்புக்கு அழைக்கலாம் என்று ஆசிரியை முடிவு செய்திருக்கிறார். ஃபுளோரைடு கேள்வி மறுபடி கட்டாயம் வரும். எலுமிச்சை பேசினுக்குத்தான், குடத்துக்கு இல்லை என்பதை அன்று காலை, பேசினில் தண்ணீர் ஊற்றும் முன்பே குழந்தைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் சேர்த்த குறிப்பு.